வேலியோர நஞ்சுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வேலியோரம் தோண்டியபோது ஒரு கிழங்கு கிடைத்தது. வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கிறது. வேகவைத்துச் சாப்பிடலாமா?

வேண்டவே வேண்டாம். கண்வலிக்கிழங்காக இருக்கலாம். கலப்பை போல வளைந்து கவைத்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. கலப்பைக்கிழங்கு என்றும் அதைச் சொல்வார்கள். கிழங்கை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கொடியைப் பாருங்கள். இலை நுனி சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். நம் மாநில மலர் செங்காந்தள் இதுதான்.

இதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது ஓய்ந்தது போலத் தெரிந்த பிறகும் இரத்த அணுக்கள் குறைந்து உறுப்புகள் பழுதாகலாம். அதனால் 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசினையே கவுட் எனும் மூட்டுவாதத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தருகிறார்கள். அளவு அவ்வளவு நுணுக்கமானது, கைப்பக்குவத்துக்கு இங்கே இடமில்லை.

கடுகில் பிரம்மதண்டு விதை கலந்திருந்தால் எப்படித் தெரியும்?

நசுக்கிப் பாருங்கள். கடுகின் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டு விதையின் உள்ளே வெள்ளை. கடுகின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், பிரம்மதண்டு விதையுடையது சொரசொரப்பு. செடியென்றால் குழப்பமே இல்லை: முள் இலை, மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். 1998இல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் கால் வீங்கி, இதயம் பாதிக்கப்பட்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதன் பாலைக் கண்ணில் விடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தயவுசெய்து அந்த வழக்கத்தைக் கைவிடுங்கள்.

மூட்டு வீக்கத்துக்கு ஊமத்தை இலையை வதக்கிக் கட்டலாமா?

பழைய வழக்கம்தான். புண்ணில்லாத தோலில், கொஞ்ச நேரம் மட்டும். கட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். உள்ளுக்கு இலையோ விதையோ கூடாது: வாய் வறண்டு, மனம் பிதற்றும். ஆஸ்துமாவுக்கு இலையைப் புகைப்பதும் வேண்டாம்.

குழந்தை குன்றிமணியை விழுங்கிவிட்டது. என்ன செய்வது?

உடனே 108. வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஓடு உடையாத விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், கடித்திருந்தால் ஆபத்து. கடித்ததா இல்லையா என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். மிச்ச விதையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். முழுக்கச் சிவப்பாக, கறுப்புப் பொட்டில்லாமல் இருந்தால் அது வேறொரு மரத்தின் விதையான ஆனைக்குன்றிமணியாக இருக்கலாம். அதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.