ஆரஞ்சும் ஞாபக சக்தியும்: பினாங்கு மருந்தாளுநரின் பதில்கள்

ஆயர் ஈத்தாம் அக்கா: தினமும் ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் மறதி வராது என்று வாட்சாப்பில் வந்தது. அம்மாவுக்கு 68 வயது. உண்மையா தம்பி?

மறதியே வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது அக்கா. ஆனால் முழுப் புரளியும் இல்லை. ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின் என்ற ஃபிளேவனாய்டு (தாவரங்களில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைச் சேர்மம்) உண்டு. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 60 வயது கடந்த 37 பேருக்கு 8 வாரம் தினமும் அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். இன்னொரு 8 வாரம், ஃபிளேவனாய்டு குறைந்த ஆரஞ்சு பானம். 2015இல் வெளிவந்த முடிவின்படி, ஜூஸ் குடித்த காலத்தில் மூளைத்திறன் சோதனைகளின் மொத்த மதிப்பெண் கூடியிருந்தது. எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், மறதி நோயைத் தடுக்குமா என்பதை அதில் சோதிக்கவே இல்லை.

அதே அக்கா: அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதே?

அப்படியானால் ஜூஸ் வேண்டாம். அரை லிட்டரில் சுமார் 40 கிராம் சர்க்கரை. ஒரு பழமாகக் கொடுங்கள். சுளையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரைச் சுத்தமாக உரித்துவிட்டுக் கொடுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஹெஸ்பெரிடின் அதில்தான் நிறைய இருக்கிறது. வயதானவர்களுக்கு இப்படிக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

ஜெலுத்தோங் தம்பி: கோப்பிக்கடையில் விற்கும் ஆசாம் போய் லீமாவ் (உப்பிட்ட காய்ந்த பிளம் போட்ட எலுமிச்சை பானம்)?

தாகத்துக்குக் குடிக்கலாம். மூளைக்கு என்று சொல்லிக் குடிக்காதே. சீனியும் உப்பும்தான் அதிகம்.

ஒரு தங்கை: சீனர் மருந்துக்கடையில் விற்கும் காய்ந்த ஆரஞ்சுத் தோல்?

அதில் நோபிலெட்டின் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டு இருக்கிறது. எலிகளின் நினைவாற்றலுக்கு உதவியது. மனிதர்களுக்கு அந்த அளவு சான்று இல்லை. சூப்பில் ஒரு துண்டு போடம்மா, அது போதும். காப்ஸ்யூலுக்குக் காசு செலவழிக்காதே.

பட்டர்வொர்த் ஐயா: தம்புன் பம்பளிமாஸ் விரும்பிச் சாப்பிடுவேன். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுக்கிறேன்.

ஐயா, பம்பளிமாஸை நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே பம்பளிமாஸிலும் ஃபியூரனோகூமரின்கள் என்ற சேர்மங்கள் உண்டு. குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். அப்போது மருந்து தேவைக்கு மேல் இரத்தத்தில் ஏறும். தசை வலிக்கும், அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பலனில்லை. முடங்கிய நொதிக்குப் பதில் புதியது உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். காரணமில்லாத தசைவலியோ, சிறுநீர் தேநீர் நிறத்திலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பழத்தை விட மனமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரோசுவாஸ்டாட்டின் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சீனப் புத்தாண்டு மேண்டரின் ஆரஞ்சைத் தாராளமாகச் சாப்பிடலாம்.