புடவைக்கு அடியில் ஒரு புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோருமாக ‘பிரிட்ஜ் டு டெராபிதியா’ படம் பார்த்தோம். போஸ்டரில் கோட்டையும் விசித்திரப் பிராணிகளும் இருந்ததால் மாயாஜாலப் படம் என்று நம்பித்தான் போட்டோம். திடீரென்று கதையின் நாயகன் ஜெஸ்ஸின் தோழி லெஸ்லி இறந்துபோகிறாள். என் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். நான்கு நாள் எங்கள் நடுவில்தான் படுத்தாள். “ஜெஸ் அவளையும் கூட்டிட்டுப் போயிருந்தா அவ செத்திருக்க மாட்டால்லம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். “அது சும்மா கதைடா” என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. என் கணவர், “பிள்ளைக்குக் காட்டுற படமா இது? இனிமே மாயாஜாலப் படமே இந்த வீட்ல கூடாது” என்கிறார். இதற்கிடையே என் தங்கை பிறந்தநாள் பரிசாக அந்தப் படத்தின் மூல நாவலையே மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது அது பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. மகள் தினமும் கேட்கிறாள். கொடுக்கலாமா? குழந்தைகளுக்குப் போய் ஏன் இப்படியெல்லாம் எழுதுகிறார்கள்?

– ஒரு அம்மா, திருச்சி

பதில்: முதலில் புத்தகத்தைப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். அம்மா எங்கே ஒளிப்பாள் என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அது அவள் நல்ல குணம்.

போஸ்டரைப் பார்த்து ஏமாந்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் படம் வந்தபோதே விளம்பரமெல்லாம் கோட்டையும் ராட்சதர்களுமாகத்தான் இருந்தது. அதை நம்பிப் பிள்ளைகளோடு போன பெற்றோர்களும் உங்களைப் போலத்தான் விழித்தார்கள். இத்தனைக்கும் படத்தில் அந்தப் பிராணிகள் வருகிற நேரம் கொஞ்சம்தான். இயக்குநர் கபோர் சுப்போ கார்ட்டூன் உலகத்திலிருந்து வந்தவர். நியூசிலாந்தில் படமெடுத்து, அங்குள்ள வீட்டா நிறுவனத்தின் கிராஃபிக்ஸும் கையில் இருந்தும், மனிதர் அடக்கித்தான் வாசித்திருக்கிறார். விளம்பரம் செய்தவர்கள்தான் அடக்கவில்லை.

நாவலில் அந்த அளவுகூடக் கிடையாது. வகுப்பில் யாரோடும் அவ்வளவாக ஒட்டாத இரண்டு பிள்ளைகள், கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடி ஒரு ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கக் காட்டுக்குப் போய், ‘இது நம்ம ராஜ்ஜியம், டெராபிதியா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் மாயாஜாலம். ராட்சதன் எப்படி இருப்பான் என்பது படிக்கிற பிள்ளையின் பாடு. எனக்குப் படத்தைவிட நாவல் ஒரு படி மேலே நிற்பது இதனால்தான். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் போட்ட தடை வேறு யார் தலையிலோ விழுகிறது. உங்கள் மகளை அழவைத்தது மாயாஜாலம் இல்லை, ஓடையைத் தாண்டும்போது லெஸ்லியின் கயிறு அறுந்ததுதான். சுடுகாட்டில் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த விக்கிரமாதித்தனை மாதாமாதம் அம்புலிமாமாவில் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள்தானே நாமெல்லாம்? அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கதை விஷயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது.

எழுதியவர் காத்தரின் பேட்டர்சன், நான்கு பிள்ளைகளின் அம்மா. 1974-ம் வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வீடு அதிலிருந்து நிமிர்வதற்குள், ஆகஸ்ட் மாதம், அவருடைய மகன் டேவிடின் உயிர்த் தோழி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்துபோனாள். அவளுக்கு எட்டு வயது. டேவிடுக்கும் அதே வயதுதான். ஒரு நாள் ராத்திரி பிரார்த்தனை முடிந்ததும் அந்தப் பையன் அம்மாவிடம் சொன்னானாம்: கடவுளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் அவள் செத்துப்போனாள், அடுத்தது தன் தங்கையாகத்தான் இருக்கும் என்று. இதைக் கேட்ட அம்மா என்ன பதில் சொல்ல முடியும்? அவர் எழுத உட்கார்ந்தார். 1977-ல் நாவல் வெளிவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் நியூபெரி பதக்கம் கிடைத்தது. பள்ளி நூலகத்திலிருந்து இதை எடுத்துவிடுங்கள் என்று புகார் கொடுத்த பெற்றோரும் அங்கே உண்டு. உங்கள் கணவர் தனி ஆள் இல்லை.

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் சமர்ப்பணப் பக்கம் இருக்கும், தாண்டிவிடாதீர்கள். மகனுக்காக எழுதியதாகவும், படித்து முடித்த மகன் அந்தத் தோழியின் பெயரையும் இந்தப் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. 2007 படத்தின் திரைக்கதையில் பங்கெடுத்ததும் தயாரித்ததும் யார் தெரியுமா? அதே டேவிட்தான்.

இப்போது உங்கள் மகளின் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். லெஸ்லி ஏன் செத்தாள் என்று அவள் கேட்கவில்லை. ஜெஸ் கூப்பிட்டிருந்தால் செத்திருக்க மாட்டாள்தானே என்று கேட்கிறாள். எட்டு வயது டேவிட் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். டீச்சர் வாஷிங்டன் மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் ஜெஸ் கிளம்பிவிடுகிறான். லெஸ்லியையும் அழைக்கலாமே என்று அவன் கேட்பதில்லை. தனக்குப் பிடித்த டீச்சரோடு தான் மட்டும் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்குத்தான் அவள் தனியாக ஓடைக்குப் போகிறாள். பெரியவர்களாகிய நாம் சாவைப் பார்த்து அதிர்ந்து உட்கார்ந்திருந்தோம், உங்கள் மகள் அந்தச் சின்னக் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்! இதற்கு ‘சும்மா கதை’ என்ற பதில் எப்படிச் செல்லும்?

உண்மையைச் சொல்லுங்கள். ‘ஆமாம், கூட்டிட்டுப் போயிருந்தா அன்னைக்கு அவ ஓடைக்குப் போயிருக்க மாட்டா. ஆனா அவன் கூப்பிடாததால கயிறு அறுந்துபோகலை, அது பழைய கயிறு’ என்று சொல்லலாம். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவளே ஏதாவது பேசுவாள். பள்ளியில் எந்தத் தோழியையாவது விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விட்ட கதை வந்தாலும் வரும். நோண்டிக் கேட்காதீர்கள், தானாக வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் சொந்த விஷயம் ஒன்று. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அடுத்த நாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. டீச்சர் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைப் படித்தார். நாங்களும் அவளைப் பற்றிப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அவள் என்னிடம் கொடுத்து வைத்திருந்த காம்பஸ் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். நாவலிலும் லெஸ்லியின் மேஜையை வகுப்பிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே, எல்லோரும் பயப்படுகிற ஒரு சிடுமூஞ்சி டீச்சர் ஜெஸ்ஸை வெளியே கூப்பிட்டு, தன் கணவர் இறந்தபோது அழாதே, மறந்துவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், தனக்கோ மறக்கப் பிடிக்கவில்லை என்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு இந்த வயதிலும் தொண்டை அடைத்தது.

புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விட வேண்டாம். கூடவே படியுங்கள். மொத்தம் பதின்மூன்று அத்தியாயம், சின்னப் புத்தகம்தான். ஆங்கிலமும் கஷ்டமில்லை, கிராமத்துப் பேச்சு கொஞ்சம் வரும், அவ்வளவே. தினம் ஒன்றாகப் படித்துப் போகலாம், பத்தாவது வரைக்கும். அதன் தலைப்பே ‘மிகச் சரியான ஒரு நாள்’ என்கிற மாதிரி இருக்கும். மியூசியம் போகிற நாள் அது. பதினொன்றாவதன் தலைப்பு ‘இல்லை!’ என்ற ஒரே சொல். ராத்திரி அதோடு மூடிவைத்துவிட்டுத் தூங்கப்போனால் மறுபடி உங்கள் நடுவில்தான் படுப்பாள். கடைசி மூன்று அத்தியாயத்தை மட்டும் ஒரு விடுமுறை நாளில், பகலில், ஒரே மூச்சாக முடித்துவிடுங்கள். முடிவில் ஜெஸ் பலகைகளைக் கொண்டுவந்து ஓடையின் குறுக்கே பாலம் போட்டு, தன் குட்டித் தங்கையைக் கைபிடித்து ராஜ்ஜியத்துக்குள் கூட்டிப்போகிறான். அதுவரைக்கும் உங்கள் மகள் வந்து சேர வேண்டும். தலைப்பில் இருக்கிற பாலம் அதுதான். படம் பார்த்தபோது அழுத அழுகையில் அதை அவள் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டாள்.

தூக்கம் கெடுவது நான்கு நாளோடு நின்றுவிட்டதால் கவலையில்லை. வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்குப் போகப் பயந்தாலோ குழந்தைகள் மருத்துவரிடம் ஒரு நடை போய்வாருங்கள்.

உங்கள் கணவருக்கும் அந்த நாவலில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆரம்பத்தில், ஜெஸ்ஸின் அப்பா வேலைக்குப் போய்த் திரும்பிவந்து சின்னப் பெண்களைத் தூக்கிக் கொஞ்சுவார். ஜெஸ் தள்ளி நின்று பார்ப்பான். தான் பிறந்த நாளிலிருந்தே பெரிய பையன் ஆகிவிட்டோம் போலிருக்கிறது என்று அவனுக்கு வலிக்கும். லெஸ்லி போன பிறகு, அவள் வாங்கிக் கொடுத்த வண்ணங்களை அவன் ஓடைத் தண்ணீரில் வீசி எறிகிறான். பின்னாலேயே வந்த அந்த அப்பா, ‘முட்டாள்தனம் பண்ணிட்டியேடா’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவனைக் கைக்குழந்தையைப் போல இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொள்கிறார். நரகம், கடவுள் என்று பையன் கேட்பதற்கெல்லாம் தனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறார்.

அந்த இரண்டு பக்கத்தை மட்டும் உங்கள் வீட்டுக்காரர் படிக்கட்டும். நேரமில்லை என்பார். அப்படியானால் மகளையே அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.