சூரியகாந்தி அஞ்சலட்டை: எந்த மஞ்சள் சரியானது?

ஓவியர் வான்காவின் சூரியகாந்திப் பூக்கள் அச்சான இரண்டு அஞ்சலட்டைகள் தம்மிடம் இருப்பதாகவும், ஒன்றில் எலுமிச்சை மஞ்சளும் மற்றொன்றில் காவி கலந்த மஞ்சளும் தெரிவதாகவும், எதைச் சட்டமிட்டு மாட்டுவது என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அட்டையின் பின்புறக் குறிப்பைப் படியுங்கள். மஞ்சள் பின்னணியில் பதினைந்து பூக்கள் கொண்ட ஓவியத்தை வான்கா 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்தார். அது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. அதையே 1889 ஜனவரியில் அவர் மீண்டும் வரைந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமிலும், இன்னொன்று டோக்கியோவிலும் இருக்கின்றன. மூன்றின் மஞ்சளும் ஒன்றல்ல என்பதால், உங்கள் இரண்டு அட்டைகளுமே சரியாக இருக்கக்கூடும்.

இரண்டும் ஒரே ஓவியத்தின் அச்சுகள் என்றால், பூவின் தண்டுகளைப் பாருங்கள். தண்டின் பச்சை பச்சையாகவே நின்று, சுவரின் வெளிர் மஞ்சளும் இதழ்களின் அடர் மஞ்சளும் தனித்தனியே தெரிந்தால் அது நல்ல அச்சு. பச்சையும் பழுப்பேறி, அட்டையின் வெள்ளை ஓரமும் காவியடித்திருந்தால், தாள் பழையதாகிவிட்டது என்று கொள்ளலாம். 1888இன் மஞ்சளை எந்த அட்டையிலும் தேட வேண்டாம். வான்கா பயன்படுத்திய குரோம் மஞ்சள் என்ற வண்ணப்பொருள் ஒளிபட்டுப் பழுப்பாக மாறும் இயல்புடையது. மூல ஓவியங்களிலேயே அந்த மாற்றம் நேர்ந்திருக்கிறது.

வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காதது, அச்சில் படத்தின் ஓரங்கள் வெட்டப்படுவதைத்தான். லண்டன் ஓவியத்தின் உயரம் 92.1 செ.மீ., அகலம் 73 செ.மீ.; வழக்கமான அஞ்சலட்டையோ 148 மி.மீ. உயரமும் 105 மி.மீ. அகலமும் கொண்டது, அதாவது ஓவியத்தைவிட ஒடுக்கமானது. அட்டை முழுவதையும் படத்தால் நிரப்பினால் ஓவியத்தின் அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடும். ஓரப் பூக்களைச் சுற்றிய இடம் குறுகும். முழு ஓவியத்தையும் காட்டும் அட்டையில் படம் சுமார் 132 மி.மீ. உயரத்தில் முடிந்து, மீதி வெள்ளையாக இருக்கும். என் தேர்வு எப்போதும் அந்த வெள்ளை விட்ட அட்டைதான். கலைஞர் அமைத்த இடவெளியைக் கெடுத்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அட்டையைச் சட்டமிடும்போது கண்ணாடி அதன்மேல் படக்கூடாது; ஈரப்பதத்தில் பளபளப்பான தாள் ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற மவுண்ட் அட்டையை இடையில் வைத்து, செல்லோ டேப்பைத் தவிர்த்து, காகித மூலைகளில் செருகச் சொல்லுங்கள். பசை போட்டு ஒட்டினால் பின்புறக் குறிப்பும் பயனற்றுப் போகும். வெயில் படும் சுவர் கூடவே கூடாது: அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, நீலம் மிஞ்சும், கடைவாசல் சுவரொட்டிகள் நீலம் பூத்துப்போவது இதனால்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஆகவே இரண்டில் ஒன்றை மாட்டி, மற்றதைப் பாலியெஸ்டர் உறையில் இருட்டில் வையுங்கள், பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம்.