டிராக்டர் என்றால் உழவு மட்டும்தானா?

வணக்கம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பயணப்பெட்டி இழுக்கும் டிராக்டருக்கான பாதுகாப்பு அறிவிப்பில் 'உழவு இயந்திரம்' என்று எழுதினீர்கள், மேலாளர் மாற்றச் சொல்கிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான்.

லத்தீனில் 'டிராஹெரே' என்றால் இழுப்பது, அதிலிருந்து வந்த டிராக்டர் எதை வேண்டுமானாலும் இழுக்கலாம். வயலுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1796-ல் எலிஷா பெர்கின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு உலோகக் குச்சிகளுக்கு இந்தப் பெயரில் காப்புரிமை வாங்கினார், தோலில் தடவினால் வலியை இழுத்துவிடுமாம், சுத்தப் புரட்டு. 1906 வாக்கில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஹார்ட்-பார் நிறுவனம் தன் உழவு இயந்திர விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் போட்ட பிறகுதான் அது உழவர்களிடம் பரவியது. அப்புறம், நம்மூர்த் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவர் இருக்கிறதே, அதையும் அமெரிக்காவில் டிராக்டர் என்றுதான் சொல்வார்கள்.

அதனால் முதல் வரியில் 'பெட்டி இழுக்கும் டிராக்டர்' என்று போட்டுவிட்டு, பிறகு வெறும் டிராக்டர் என்றே எழுதுங்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்கு அதுதான் சட்டென்று புரியும். கொக்கி மாட்டும்போது டிராக்டருக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது என்ற வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.