பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிளும் மச்சானோடு நின்றுபோன பேச்சும்

கேள்வி: எனக்கு வயது 54. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழு என்றால் உயிர். என் மனைவியின் அண்ணனும் அப்படித்தான். எங்களைச் சேர்த்து வைத்ததே அந்தப் பாட்டுகள்தான் என்று சொல்லலாம். சனிக்கிழமை இரவானால் மாமாக் கடையில் தே தாரிக், பழைய கேசட் கதை. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் பேச்சு முற்றிவிட்டது. "கித்தார் வாசித்த பிளாக்மோர் 1993ல் போனதோடு டீப் பர்ப்பிள் செத்துப்போச்சு, மிச்சமெல்லாம் பெயரை வைத்துப் பிழைப்பு" என்றேன். மச்சான், "கித்தாரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் இதைப் பற்றிப் பேசக்கூடாது" என்றார், அத்தனை விருந்தாளிகள் முன்னால். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. அவர் கோவில் பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பவர், அந்தத் தைரியம். ரோஷத்தில் நானும் ஓர் எலெக்ட்ரிக் கித்தார் வாங்கிவிட்டேன். விரல் நுனி எரிகிறது. வகுப்பில் இன்னும் பாடப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே நிற்கிறேன். மகள், "இந்த வயசுல ஏன்ப்பா?" என்கிறாள். எங்கள் சண்டையில் யார் சொன்னது சரி? எனக்குக் கித்தார் வருமா?

— பட்டர்வொர்த் வாசகர்

பதில்:

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். வரும். மேடையில் பிளாக்மோர் மாதிரி வாசிக்க வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் அதற்குள் போகவில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டை, கேட்பவர் அடையாளம் கண்டு தலையாட்டும் அளவுக்கு வாசிக்க நிச்சயமாக வரும். அதை எப்படி என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் கனம் மச்சானோடு நடந்த சண்டையில்தான் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

மச்சான் சொன்னதை நான் ஏற்கவில்லை. வாத்தியம் வாசிக்காதவனுக்கு இசையைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்றால் உலகத்தில் ரசிகன் என்று ஒருவனே இருக்க முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன் ஐந்து இங்கிலாந்துக்காரர்கள் வாசித்த பாட்டு இன்றைக்கும் பட்டர்வொர்த்தில் ஒரு குடும்ப விருந்தில் சண்டையைக் கிளப்புகிறது என்றால், அதை உயிரோடு வைத்திருப்பது உங்களைப் போன்ற காதுகள்தான். அதை அவர் எல்லார் முன்னாலும் சொன்னது இன்னும் வருத்தம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்னதையும் அப்படியே விட்டுவிட முடியாது. டீப் பர்ப்பிள் 1968ல் தொடங்கிய குழு. அன்றைய பாடகர் ராட் எவன்ஸ், பாஸ் வாசித்தவர் நிக் சிம்பர். 1969ல் அந்த இருவருக்குப் பதிலாக இயன் கில்லனும் ரோஜர் குளோவரும் வந்தார்கள். நீங்களும் மச்சானும் உருகுவது இந்த அணிக்குத்தான். கில்லனும் குளோவரும் 1973ல் போனார்கள். அதுவரை துணிக்கடையில் வேலை பார்த்த டேவிட் கவர்டேல் பாடகராக வந்தார், பாஸுக்கு கிளென் ஹியூஸ். 1975ல் பிளாக்மோரே விலகினார், டாமி போலின் வந்தார், 1976ல் குழு கலைந்தது. 1984ல் அந்த 1969 அணியின் ஐவரும் மறுபடி கூடினார்கள். 1993ல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் கிளம்பிவிட, ஜப்பான் நிகழ்ச்சிகளுக்கு ஜோ சாட்ரியானி கைகொடுத்தார். 1994ல் ஸ்டீவ் மோர்ஸ் வந்து 2022 வரை இருந்தார். இந்த வரவு செலவு அத்தனையிலும் ஒரு அணியில்கூட விடுபடாமல் இருந்தவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவர்தான்.

ஆகவே ஓர் ஆள் போனதும் குழு செத்தது என்று கணக்கு வைத்தால், அது 1969லேயே செத்திருக்க வேண்டும், நாம் கொண்டாடும் பாட்டுகள் வருவதற்கு முன்பே. உங்களுக்கு 1993க்குப் பிறகு வந்த ஆல்பங்கள் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கும் பிளாக்மோரின் கித்தார் இருக்கும் பாட்டுகள்தான் நெஞ்சுக்கு நெருக்கம். அது ருசி. ருசியை வரலாறாகச் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

"பெயரை வைத்துப் பிழைப்பு" என்ற சொல்லை மட்டும் நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நினைக்கிறேன். மோர்ஸ் 28 வருடம் அந்த மேடையில் நின்றார். பிளாக்மோர் தன் இரண்டு தவணையையும் சேர்த்து இருந்த காலத்தைவிட அது அதிகம். மனைவியின் உடல்நிலைக்காகத்தான் அவர் விலகினார். 2016ல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது, தொடக்கத்தில் மட்டும் இருந்த ராட் எவன்ஸ் பெயர் பட்டியலில் இருந்தது, மோர்ஸ் பெயர் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. உழைத்தவனை அப்படி ஒதுக்கியிருக்கக் கூடாது.

பினாங்குக்காரரான உங்களுக்கு இந்தக் கேள்வி வேறு விதத்திலும் பழக்கமானதுதான். நம் தீவில் பிறந்த ஆலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள் மலாய்ப் பாட்டில் நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். 2007ல் லோகா இறந்தார். டேவிட் அதே பெயரில் தொடர்ந்து மேடை ஏறினார். லோகாவின் குரல் இல்லாத குறை யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் டேவிட் பாடுவதைப் பிழைப்பு என்று நீங்கள் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

அப்புறம், கித்தார்.

ரோஷத்தில் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, வாங்கியது நல்ல காரியம். அதுவும் எலெக்ட்ரிக் என்பது உங்களுக்குச் சாதகம். பொதுவாக எலெக்ட்ரிக் கித்தாரின் கம்பி அக்கூஸ்டிக் கம்பியைவிட மெலிது, அழுத்தம் குறைவாகப் போதும். உங்களுடையதில் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்று கடையில் கேளுங்கள். 10 என்ற அளவாக இருந்தால் 9க்கு மாற்றச் சொல்லுங்கள். கித்தார்க் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட்டிலிருந்து கம்பி ரொம்ப உயரத்தில் நின்றாலும் விரல் எரியும். அதைக் கடைக்காரர் சரிசெய்து தருவார். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராதீர்கள். காலையில் கால் மணி, ராத்திரி கால் மணி. சில வாரங்களில் விரல் நுனி காய்த்துவிடும். எரிச்சல் நுனியில் இருந்தால் பயமில்லை. மணிக்கட்டில் வலித்தால் நிறுத்திவிட்டு, கையை வைத்திருக்கும் விதத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்து விரலில் மரமரப்பும் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் கித்தாரை விடாதீர்கள்.

பாடப் புத்தகத்தை விடச் சொல்லமாட்டேன். ஆனால் 54 வயதுக்காரருக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. பத்து வயதுப் பையனுக்கு விரல் வேகமாக ஓடும், தான் வாசிப்பது சரியா என்று அவனுக்குத் தெரியாது. உங்களுக்கு இத்தனை வருடம் கேட்ட காது இருக்கிறது. தப்பு விழுந்தால் அந்த நொடியே தெரியும். ஆகவே ஆசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள்: புத்தகம் பாதி நேரம், மீதி நேரம் டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. கித்தார் எடுத்தவன் எல்லாம் முதலில் வாசிப்பது அதைத்தானே என்று அவர் சிரித்தால் சிரிக்கட்டும். நிறையப் பேர் அதைத் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள்.

கீழிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது கம்பிகள், ஜியும் டியும். இந்த இரண்டை மட்டும் சேர்த்து மீட்ட வேண்டும். இடது கையில் ஒரே விரலைப் படுக்கவைத்து இரண்டையும் ஒன்றாக அழுத்தலாம். முதலில் எதையும் அழுத்தாமல் திறந்த கம்பி, பிறகு மூன்றாவது ஃபிரெட், ஐந்தாவது ஃபிரெட். மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஆறு, ஐந்து. கடைசியாகத் திறந்த கம்பி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்த கம்பி. அவ்வளவுதான். மச்சான் பாஷையில் சொன்னால், ஜியில் ஷட்ஜமம் வைத்து ச க ம, ச க ம ம, ச க ம க ச. காந்தாரம் சாதாரண காந்தாரம். நடு வரியில் வரும் இரண்டு மத்யமத்தில் முதலாவது பிரதி மத்யமம், அடுத்தது சுத்த மத்யமம். மற்ற இடமெல்லாம் சுத்த மத்யமம்தான். அந்த ஒரு பிரதி மத்யமம் வந்து விழும் இடத்தில்தான் இந்தப் பாட்டுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, பிக் என்ற மீட்டும் சில்லை வைத்துக் கம்பிகளை மேலிருந்து கீழே இழுப்பது. அப்படிச் செய்தால் ஒரு கம்பி முந்தும், மற்றது பிந்தும். பிளாக்மோர் பிக்கைத் தொடாமல் விரலால் இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்கிறார். நீங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துச் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும். இன்னொன்று தாளம். முதல் வரி தட்டின்மேல் நேராக விழும். இரண்டாவது வரி தட்டுக்கு நடுவில் கிளம்பும். காலால் தட்டிக்கொண்டு, முதலில் வாயால் பாடி, அது கைவந்த பிறகு கித்தாரைத் தொடுங்கள். ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றாதீர்கள், செய்கிற தப்பையெல்லாம் அது மூடிவிடும். ராத்திரியில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டின் இசையை சுவிட்சர்லாந்தின் மோந்த்ரூவில் ஒலிப்பதிவு செய்தபோதே சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்து போலீஸ் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டின் கதையும் தெரியும்தான். 1971 டிசம்பர் 4ஆம் தேதி ஃபிராங்க் ஸாப்பா நிகழ்ச்சியில் யாரோ ஒருவன் கூரையைப் பார்த்துத் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, இவர்கள் ஒலிப்பதிவு செய்யவிருந்த சூதாட்ட விடுதியே எரிந்துபோனது. ஏரியின்மேல் படர்ந்த அந்தப் புகையைப் பார்த்தவர்கள் பாட்டாக எழுதினார்கள். தலைப்பைத் தந்தது பாஸ் வாசித்த குளோவர். நீங்கள் பழகும் அந்தக் கித்தார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு, பிளாக்மோருடையது. ஆனால் ரெக்கார்டில் எழுதியவர்கள் என்று ஐந்து பேர் பெயரும் இருக்கும்.

ரிஃப் கைவந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ரெக்கார்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். கித்தார் தனியாகத் தொடங்கும். அடுத்து பெய்ஸின் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டும் ஜான் லார்டின் ஆர்கனும் வரும். டிரம்ஸ் முழுதாகச் சேரும். அப்புறம்தான் பாஸ் இறங்கும். லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் கொடுத்து, கித்தார் மாதிரியே உறுமவைத்து, அதே ரிஃபைக் கூடவே வாசிக்கிறார். இத்தனை வருடம் "ஆகா, பிளாக்மோர்!" என்று நீங்கள் கேட்ட சத்தத்தில் பாதி 2012ல் இறந்துபோன ஜான் லார்டுடையது. காதால் கேட்டபோது ஒன்றாகத் தெரிந்தது, நீங்களே கித்தார்ப் பங்கை மட்டும் வாசிக்கும்போது மெலிந்து கேட்கும். அந்த மெலிவைக் கேட்டால், குழு யாருடையது என்ற கேள்வியை நீங்கள் முன்பு கேட்ட மாதிரி கேட்கமாட்டீர்கள். மச்சான் அன்று சொன்ன விதம் தப்பு. ஆனால் வாத்தியத்தைத் தொட்டால் சில விஷயம் புதிதாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது மச்சான் விஷயம். அவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவர் உங்களுக்கு மூத்தவர், நம் வீடுகளில் அது லேசில் நடக்காது. 1993ஐப் பற்றி விளக்கம் எழுதி அனுப்பவும் வேண்டாம், மறுபடி வாதம்தான் தொடங்கும். உங்களுக்கு ஜான் லார்ட் பங்கை வாசிக்க ஓர் ஆள் வேண்டும், அவர் ஹார்மோனியம் வாசிப்பவர். ஃபோன் செய்து, "மச்சான், கித்தார் கத்துக்கிட்டு இருக்கேன். ஆர்கன் இல்லாம ஒல்லியா கேக்குது. ஹார்மோனியம் எடுத்துக்கிட்டு வர்றீங்களா?" என்று கேளுங்கள். நீங்கள் நன்றாக வாசிக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். தட்டுத்தடுமாறும்போதே கூப்பிடுங்கள். சொல்லிக்கொடுக்க இடம் இருந்தால் அவர் சீக்கிரம் வருவார்.

வந்தால், ஹார்மோனியத்தில் கீழே டி, மேலே ஜி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், அதுதான் உங்கள் திறந்த கம்பி. தீபாவளிப் பேச்சை அவரே எடுத்தால், விருந்தாளிகள் முன்னால் சொன்னது வலித்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மகளையும் சும்மா உட்காரவிடாதீர்கள், தாளம் போட ஆள் தேவைப்படும்.