கண்டீரவாவில் சென்னையின் ஆட்டம்: மகனை எந்த ஸ்டாண்டில் உட்கார வைப்பது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் பதினோரு வயது மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆனாலும் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி என்றால் அவனுக்கு உயிர். அந்த அணி அடுத்த முறை கண்டீரவா மைதானத்துக்கு வரும்போது அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். சென்னையிலிருந்து என் அண்ணனும் அவருடைய மகனும் காலை ரயிலில் வந்து அன்றிரவே திரும்ப நினைக்கிறார்கள். எந்த ஸ்டாண்டில் டிக்கெட் எடுப்பது? சென்னை ஜெர்சியோடு போகலாமா? எதையெல்லாம் உள்ளே கொண்டுபோகலாம்? இரவு ரயிலைப் பிடிக்க முடியுமா?”

முதல் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை அதைப் பொறுத்தே அமையும். வெளியூர் அணியின் ரசிகர்களுக்கென்று ஒதுக்கப்படும் அவே ஸ்டாண்டில்தான் நால்வருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் விற்பனை தொடங்கியதும் அந்தப் பகுதி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் ஆகிய சென்னை ரசிகர் குழுக்களிடம் அவர்கள் எங்கே அமரப்போகிறார்கள் என்று விசாரித்து, அதே பகுதியில் வாங்குங்கள். மேற்குப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். பெங்களூரு எஃப்.சி.யின் வெஸ்ட் பிளாக் புளூஸ் குழுவினர் ஆட்டம் முழுவதும் நின்றபடியே பாடும் இடம் அது. உங்கள் மகனுக்கு ஆட்டமும் தெரியாது, ஆறுதலும் இருக்காது.

“இரண்டு அணிக்கும் நீலம்தானே, எங்கே உட்கார்ந்தால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது?” என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். நிறத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அந்த யோசனையை ஏற்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 2018 மார்ச் 17 அன்று இதே மைதானத்தில் பெங்களூருவும் சென்னையும் மோதிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம். அன்று நான் பெங்களூரு ரசிகர்கள் நிறைந்த பகுதியில் இருந்தேன். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, சாம்பல் நிற ஸ்வெட்டருக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, பத்து வயதுக்குள் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் அடித்தபோது சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து ஆர்ப்பரிக்க, அவன் மட்டும் அசையவில்லை. பிறகு கார்னரிலிருந்து வந்த பந்தைச் சென்னை அணியின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு, மீண்டும் ஒரு கார்னரில், அவரே இரண்டாவது கோலையும் போட்டார். சிறுவன் பாதி எழுந்துவிட்டான். அவனுடைய தந்தை தோளைப் பிடித்து மெல்ல அழுத்தி உட்கார வைத்தார். சென்னை 3-2 என்று வென்று கோப்பையை வாங்கியபோதும் அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அணி சாம்பியன் ஆன இரவு அது. வாய்விட்டு ஒருமுறை கத்தக்கூட முடியாத இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பதற்காக நீங்கள் அவனை அழைத்துப் போக வேண்டியதில்லை.

ஜெர்சியை வீட்டிலிருந்தே அணிந்து போகலாம். மெட்ரோவில் எதிரணி ரசிகர்கள் கேலி செய்தால் புன்னகையோடு விட்டுவிடச் சொல்லிக் கொடுங்கள். நம் பக்கத்திலிருந்தும் ஊரையோ மொழியையோ இழுக்கும் முழக்கம் எழுந்தால், அதில் சேராதிருப்பதே உங்கள் குடும்பத்துக்கு நல்லது. மறுநாள் அவன் பள்ளிக்குப் போய் அதே நண்பர்களோடு பந்து விளையாட வேண்டியவன். இந்த ஊரில் பிறந்தவன் சென்னைக்குக் கைதட்டலாமா என்ற குறுகுறுப்பு உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமனும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூரு தந்த ஆட்டக்காரர்கள்தாம். இந்நகரத்துக் கால்பந்தில் நம்மவர்களுக்கு உள்ள பங்கு பழையது. அதை ஒரு ஜெர்சியின் சின்னம் அழித்துவிடாது.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் மேல் வரிசைகளுக்குப் போங்கள். கண்டீரவா 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக உருவான தடகள அரங்கம். ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால், கீழ் வரிசையில் அமரும் சிறுவனுக்கு எதிர்முனைக் கோல் போஸ்ட்டின் முன் நடப்பது கால்களின் கூட்டமாகத்தான் தெரியும்.

உள்ளே கொண்டுபோகும் பொருட்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்: கைப்பேசி, டிக்கெட், அடையாள அட்டை, பணம், தேவையான மாத்திரைகள் போதும். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், லைட்டர், ஹெல்மெட், குடை, கம்பு கட்டிய கொடி ஆகியவற்றைப் பொதுவாகச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை வேறொரு நகரத்தில், வாங்கி ஒரு வாரமே ஆன பவர் பேங்கை நுழைவாயில் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மேசையே இல்லை. குடைக்குப் பதிலாக மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி மாதமென்றால், சென்னையிலிருந்து வரும் அண்ணன் மகனுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உதவும் என்பதால், இரண்டு பிள்ளைகளின் முன்கையிலும் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

இனி ரயில். காலையில் சென்னையிலிருந்து புறப்படும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்தால், மதியத்துக்கு மேல் கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்திலேயே இறங்கி அல்சூரில் சாப்பிட்டு ஓய்வெடுக்க நேரமிருக்கும். திரும்பும் பயணத்தில்தான் கவனம் வேண்டும். ஏழரைக்குத் தொடங்கும் லீக் ஆட்டம், இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து, ஒன்பது இருபதைத் தாண்டித்தான் முடியும். உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை அவே ஸ்டாண்டில் இருப்பவர்களைச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்வதும் உண்டு. ஆகவே பத்து மணிக்கு முன் புறப்படும் எந்த வண்டியையும் நம்பாதீர்கள். பத்தரைக்கு மேல் கிளம்பும் சென்னை மெயில்தான் பொருத்தம். அதையும் மெஜஸ்டிக்கில் இருக்கும் முதன்மை ரயில் நிலையத்துக்குப் போகாமல், கண்டோன்மெண்டில் ஏறும்படி முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆட்டத் தேதியும் நேரமும் மாறக்கூடும் என்பதால், பயணத்துக்கு முந்தைய வாரம் இரண்டையும் ஒருமுறை சரிபாருங்கள். தோற்ற அணி வெளியேறும் நாக் அவுட் ஆட்டமானால் இந்தக் கணக்கு செல்லாது. கூடுதல் அரைமணி நேரமும் பெனால்டியும் வந்தால் பத்தேகாலைத் தாண்டிவிடும், எனவே அன்றிரவு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்படுவதுதான் சரி.

சொந்த வண்டி வேண்டாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறுத்த இடம் தேடியே கிக்காஃபைத் தவறவிடுவீர்கள். ஆட்டம் முடிந்ததும் அண்ணனையும் அவர் மகனையும் ஆட்டோவில் கண்டோன்மெண்டுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். எம்.ஜி. ரோடு, டிரினிட்டி, அதற்கடுத்தது அல்சூர்.