மார்புத் தழும்பை மறைக்கலாமா? – டாக்டரின் பதில்கள்

பிறக்கும்போதே இதயத்தில் கோளாறோடு பிறந்து, இன்று பெரியவர்களாகிவிட்ட வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பிறவி இதய நோய் மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 28 வயது. நான்கு வயதில் இதய ஆபரேஷன் நடந்தது. ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று பழைய சீட்டில் இருக்கிறது. ‘ஓட்டையை அடைச்சாச்சு, இனி பயமில்லை’ என்று சொல்லி அனுப்பினார்களாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு செக்கப் போகவில்லை. ஒரு வருடமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சில சமயம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இப்போது கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆபரேஷன் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவே கூடாது என்கிறார் அம்மா. ரவிக்கையைக் கூடக் கழுத்து ஏற்றித் தைக்கச் சொல்கிறார். நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கல்யாணப் பேச்சை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள் அம்மா. முதலில் அந்தப் படபடப்பைப் பார்க்க வேண்டும். படபடப்போடு கண் இருட்டியிருக்கிறதா, மயக்கம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். ‘சின்ன வயசில் ஹார்ட் ஆபரேஷன் நடந்திருக்கிறது’ என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

உங்களுக்குச் சின்ன வயதில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். இந்தக் கோளாறில் நான்கு சிக்கல்கள் சேர்ந்து வரும். இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகல், மகாதமனி ஓட்டையின் மேலேயே வந்து உட்கார்ந்திருப்பது, வலது கீழறைச் சுவர் தடித்திருப்பது. 1888ல் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இவற்றை ஒன்றாகச் சேர்த்து விவரித்தார். 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில், நீலம் பாரித்த இந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு மாற்றுவழி போட்டுக் கொடுத்தார்கள். ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவரின் யோசனை அது. இதயத்தைத் திறந்து முழுமையாகச் சரிசெய்தது 1954ல்தான். அந்த வழியில் வந்த ஆபரேஷன்தான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, குறுகிய வழியை வெட்டி அகலப்படுத்தியிருப்பார்கள். அப்படி அகலப்படுத்தும்போது நிறையப் பேருக்கு நுரையீரல் வால்வையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். கீல் விட்ட கதவு மாதிரி அந்த வால்வு மூடவே மூடாது. நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்புக்கும் வலது கீழறைக்கே திரும்பி வரும்.

இருபது வருடம்கூட எந்தத் தொந்தரவும் தெரியாது. பள்ளிக்கூடம் போவார்கள், வேலைக்குப் போவார்கள். உள்ளே வலது கீழறை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே இருக்கும். அது பொறுக்க முடியாத கட்டத்தில்தான் மூச்சு வாங்கும், துடிப்பு தாறுமாறாகும். பதினைந்து வயதில் செக்கப்பை நிறுத்திவிட்டு, முப்பதை ஒட்டி மூச்சிரைப்போடு திரும்பி வருபவர்களை என் ஓபியில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அவர்கள் யாரையும் நான் திட்டியதில்லை. ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லி அனுப்பியது எங்கள் கூட்டம்தானே. அது உயிரைக் காப்பாற்றிய ஆபரேஷன், ஆனால் வருடா வருடம் பார்க்க வேண்டிய ஆபரேஷன் என்று அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு எக்கோ, ஈசிஜி, 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர், இதய எம்ஆர்ஐ நான்கும் வேண்டும். எம்ஆர்ஐ மிக முக்கியம். வலது கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அதுதான் துல்லியமாக அளந்து சொல்லும். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 160 மில்லியைத் தொட்டால் வால்வு மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பிப்போம். உங்களைப் போல மூச்சும் வாங்குகிறது என்றால் அந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் வரும். ஈசிஜியில் க்யூஆர்எஸ் என்ற பகுதி 180 மில்லி செகண்டுக்கு மேல் அகலமாக இருந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம் என்று எச்சரிக்கையாக இருப்போம். வால்வு மாற்ற வேண்டி வந்தாலும் எல்லோருக்கும் மறுபடி நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து தொடைவழியாகவே இந்த வால்வை வைக்க முடிகிறது. உள் அமைப்பு அதற்குத் தோதாக இருக்க வேண்டும்.

சாதாரண இதய மருத்துவரிடம் போனால் மாரடைப்புக் கண்ணோட்டத்தில் பார்த்துவிட்டு ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லிவிடக்கூடும். பிறவிக் கோளாறு பார்ப்பவர்களிடம் போங்கள். வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். குழந்தைகள் இதய மருத்துவர்தான் உங்கள் ஊரில் கிடைக்கிறார் என்றால் அவரிடமே போங்கள். கைக்குழந்தைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உட்காருங்கள் அம்மா, அந்தத் தாய்மார்களுக்கு உங்களைப் பார்ப்பதே ஒரு தைரியம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய்க் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாள் இருந்தாலும் கொண்டு போங்கள். லேமினேட் செய்து மஞ்சப்பையில் வைத்துப் பாதுகாத்துக் கொண்டுவரும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

குழந்தை பெறலாமா? உங்களைப் போல ஆபரேஷன் நடந்தவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள், சுகப்பிரசவமே முடியும். ஆனால் கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடுகிறது. ஏற்கெனவே விரிந்த வலது கீழறை அதைத் தாங்குமா என்று முதலில் தெரிய வேண்டும். வால்வு மாற்ற வேண்டுமென்றால் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. குழந்தைக்கும் பிறவி இதயக் கோளாறு வரும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் உங்களுக்கு மூன்று முதல் ஐந்து. 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருந்தால் மட்டும், அந்தக் குறை குழந்தைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, போனால் இதயக் கோளாறு வரும் வாய்ப்பும் மிகக் கூடும். அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, செய்துகொள்ளுங்கள். கர்ப்பமானால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் பார்க்கலாம். மாப்பிள்ளை சொந்தமா, அசலா என்று நீங்கள் எழுதவில்லை. தாய்மாமன், அத்தை மகன் என்ற நெருங்கிய சொந்தம் என்றால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மா பேச்சைத் தட்டச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸில் கூட வரப்போவது அவர்தான். டாக்டர் கேட்டால் அவருக்குப் பதில் தெரிய வேண்டாமா? சொன்ன பிறகு செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தழும்பைப் பார்த்துப் பின்வாங்குகிற வீடு, வால்வு மாற்றும் நாளில் உங்களோடு நிற்காது.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மறுபடி குவைத் போக மெடிக்கல் எடுத்தபோது இதயத்தில் 22 மில்லிமீட்டர் ஓட்டை, ஏஎஸ்டி என்றார்கள். மூட்டை தூக்கியவர், கபடி ஆடியவர். இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தெரியாமல் இருக்கும். இந்த ஓட்டை மேலறைகளுக்கு நடுவில் இருப்பது. அங்கே அழுத்தம் குறைவு. ரத்தம் சத்தமில்லாமல் இடமிருந்து வலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். நீலம் பாரிக்காது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தமும் மெல்லியதுதான். பலருக்கு நாற்பதை ஒட்டித்தான் மூச்சு வாங்கவோ துடிப்பு மாறவோ ஆரம்பிக்கும். பிரசவத்துக்குப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களும் உண்டு. இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, பீடியாலோ சாப்பாட்டாலோ வந்ததும் இல்லை. அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்து, நுரையீரல் அழுத்தம் கைமீறிப் போகாமல் இருந்தால் அடைப்பதுதான் நல்லது. ஓட்டை நடுச்சுவரில் இருந்து, சுற்றிலும் பிடிமானத்துக்குச் சதை இருந்தால் நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய கம்பிவலையாலான டிவைஸை வைத்து அடைத்துவிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். பிடிமானம் இருக்கிறதா என்று உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். ஓட்டை வேறு மூலையில் இருந்தால் ஆபரேஷன்தான். பிறகு சில மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

டிவைஸ் வைத்த மறுவாரமே விமானம் ஏற்றி அனுப்பாதீர்கள். முதல் செக்கப் முடிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு போகட்டும். நாற்பதுக்கு மேல் அடைத்தவர்களுக்கு ஓட்டை போனாலும் துடிப்புக் கோளாறு பின்னால் வரலாம் என்பதால், லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயதில் விஎஸ்டி (இதயக் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை) ஆபரேஷன். இப்போது 31. எக்கோவில் கசிவு இல்லை. பல் பிடுங்க ஆன்டிபயாடிக் போட வேண்டுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம். செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே இதயத்தில் கிருமித் தொற்று வந்தவர்கள், சரிசெய்யாத நீலக் கோளாறு உள்ளவர்கள், ஒட்டு போட்ட இடத்தில் கசிவு இருப்பவர்கள், ஒட்டோ டிவைஸோ வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள் – இவர்களுக்குத்தான் பல் வேலைக்கு முன் ஒரே ஒரு வேளை மருந்து. நீங்கள் பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடாமல் முதலில் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் அகப்படாமல் போய்விடும்.

கேள்வி: என் அக்காவுக்கு 34 வயது. பிறவியில் பெரிய ஓட்டை, ஆபரேஷன் செய்யவில்லை. உதடும் நகமும் நீலமாக இருக்கும். ‘ஐசன்மெங்கர்’ என்கிறார்கள். ஹீமோகுளோபின் 21. ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டில் எடுத்துவிடுகிறார்கள். நிலத்தை விற்றாவது ஓட்டையை அடைத்துவிட நினைக்கிறோம். கோடைக்குக் கொடைக்கானல் கூட்டிப்போகலாமா?
– அறந்தாங்கியிலிருந்து ஒரு தம்பி

பதில்: நிலத்தை விற்காதீர்கள் தம்பி. இப்போது ஓட்டையை அடைத்தால் அக்காவின் உயிருக்கே ஆபத்து. பல வருடம் மிகுதியான ரத்தம் பாய்ந்து பாய்ந்து நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துவிட்டன. அங்கே அழுத்தம் ஏறிப்போனதால் ரத்தம் இப்போது வலமிருந்து இடமாகத் திரும்பி ஓடுகிறது. அந்த அழுத்தத்துக்கு இன்றைக்கு வடிகால் அந்த ஓட்டைதான். சின்ன வயதில் அடைத்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லி உங்கள் அப்பா அம்மாவை நோகடிக்க நான் விரும்பவில்லை.

வழக்கமாக ரத்தம் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் உடம்பு தானாகச் சிவப்பணுக்களைக் கூட்டிவைத்திருக்கிறது. எடுக்க எடுக்க இரும்புச்சத்து போய், அதனால் பக்கவாத ஆபத்துதான் கூடும். கடுமையான தலைவலி, பார்வை மங்கல் இருந்து, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 65 சதவீதத்துக்கு மேல் போய், உடம்பில் நீர் வற்றவில்லை என்று உறுதியான பிறகுதான் எடுக்கலாம். எடுத்த அளவுக்குத் திரவமும் ஏற்ற வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் டாக்டர் கண்காணிப்பில் இரும்புச்சத்து மருந்து தரலாம்.

சில்டெனாஃபில், போசென்டான் போன்ற மருந்துகள் நுரையீரல் அழுத்தத்தைக் குறைத்து நடக்கும் தெம்பைக் கூட்டும். போசென்டான் என்றால் மாதம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு, வேண்டாம். கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எந்த ஊசி, டிரிப் போட்டாலும் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது என்று நர்ஸிடம் சொல்லுங்கள். அவருடைய ரத்தத்தில் போகும் குமிழி நுரையீரலில் நிற்காமல் நேராக மூளைக்குப் போய்விடலாம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் கர்ப்பம் கூடவே கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து மிக மிக அதிகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் வேண்டாம், ரத்தம் உறையும். என்ன முறை ஏற்றது என்று இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால் அக்காவுக்கு மயக்க மருந்து ஆபத்தே இல்லை. நீங்கள் தம்பியாக இருந்து அத்தானிடம் பேச முடியும் என்றால் பேசுங்கள். கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள்.